ஆறு தோழிகளும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும்

"கல்லூரியில் ஒன்றாகப் படித்த தோழிகள் ஆறு பேர். எல்லோருக்கும் ஐம்பது வயது ஆகிவிட்டது. கணவர், பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் மட்டும் நான்கைந்து நாள் மலைப்பக்கம் போய்வர ஆசை. ஊட்டி, மூணாறு, குடகு, வயநாடு என்று பட்டியல்தான் நீள்கிறது. மூன்று வருடமாக ஒரு முடிவும் ஆகவில்லை. ஒருத்திக்கு முழங்கால் வலி வேறு. எங்கே போகலாம், எப்படித் திட்டமிடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியில் வண்டி ஏறி, ஆழியாறு வழியாக வால்பாறைக்குப் போங்கள். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். பிறகு மளுக்கப்பாறை, வாழச்சால் காட்டு வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கி, அங்கே ஓர் இரவு. சாலக்குடி, திருச்சூர், பாலக்காடு வழியாகக் கோவைக்குத் திரும்பிவிடலாம். புறப்படும் முந்தைய இரவே கோவையிலோ பொள்ளாச்சியிலோ கூடிவிட்டால் மொத்தம் நான்கு இரவு. முழங்கால் வலி உள்ளவரும் இந்த வழியில் எதையும் இழக்கமாட்டார்.

நான் கோவையில் தாவரவியல் படித்தவள். இப்போது ஒரு கல்லூரியில் அதையே கற்பிக்கிறேன். 1993-இல் எங்கள் மூன்றாம் ஆண்டுக் கல்விச் சுற்றுலா இந்தச் சாலையில்தான் நடந்தது. பறித்த செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, பஸ்ஸின் கடைசி இருக்கையில் அடுக்கிக்கொண்டு வந்தோம். 2019 டிசம்பரில் அதே வகுப்பைச் சேர்ந்த ஐந்து பேர் அதே சாலையில் மறுபடியும் ஏறினோம். பிறகு இன்னும் இரண்டு முறை போயிருக்கிறோம். ஊட்டிக்கும் மூணாறுக்கும்கூடச் சேர்ந்து போனோம். அந்த ஊர்களின் அழகில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒவ்வொரு காலையும் "இன்று எதைப் பார்ப்பது" என்ற கேள்வியோடு விடிகிறது. டிக்கெட் வரிசை, வண்டி நிறுத்த இடம், கடைத்தெரு என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுகிறோம். வால்பாறையில் இடங்கள் குறைவு, சாலையே காட்சி. எல்லோரும் ஒரே வண்டியில், ஒரே ஜன்னலைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க நேர்கிறது. இருபத்தைந்து, முப்பது வருடமாக விட்டுப்போன பேச்சு அப்படி உட்கார்ந்தால்தான் மெல்ல வெளியே வருகிறது. பழைய தோழிகளின் பயணத்துக்கு நான் பார்க்கும் முதல் தகுதி இதுதான்.

இடத்தை விடவும் முந்தியது தேதி. உங்கள் மூன்று வருடம் எங்களுக்கு நன்றாகப் புரியும். நாங்கள் 2018-இல் மூணாறு போவதாக முடிவு செய்திருந்தோம். நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டு அது. தாவரவியல் படித்த ஏழு பேருக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. மூணாறிலிருந்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில் இருந்த பெரியவரை என்ற இடத்துப் பாலமே அடித்துச்செல்லப்பட்டது. பயணத்தை நிறுத்தி, "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றோம். அந்த அப்புறம் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. ஒருத்தியின் மாமியாருக்கு அறுவை சிகிச்சை, இன்னொருத்தியின் மகளுக்குப் பொதுத்தேர்வு, எனக்குப் பணியிட மாற்றம். கடைசியில் நாமக்கல்லில் வங்கி வேலையில் இருப்பவள்தான் வழி பண்ணினாள். "டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்குப் பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் நிற்பேன். யார் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நான் மலை ஏறுவேன்" என்று எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னாள். ஐந்து பேர் போய்ச் சேர்ந்தோம். வராத இருவரை நினைத்து வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஏழு பேருக்கும் தோதான நாளுக்காகக் காத்திருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருப்போம். அடுத்த முறை முதலில் பணம் அனுப்பியவர்கள் அந்த இருவர்தான்.

ஆகவே உங்களில் ஒருவர் இன்றே ஒரு தேதியைச் சொல்லட்டும். நான்கு பேர் சரி என்றால் பயணம் உறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். தென்மேற்குப் பருவமழையை ஆனைமலை நேருக்கு நேர் வாங்குகிறது. வால்பாறைக்கு அருகே உள்ள சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மண் சரிந்து சாலை அடைபடுவது அந்த மாதங்களில் சாதாரணம். மார்ச்சுக்குப் பிறகு அருவிகளில் தண்ணீர் மெலிந்துவிடும். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகளைத் தவிருங்கள். ஞாயிறு மாலை கூடி வியாழன் திரும்புவதாக அமைத்தால் சாலை உங்களுடையது. வெள்ளிக்கிழமையில் தொடங்கிய எங்களுக்கு இரண்டாம் நாள் நெரிசல்தான் கிடைத்தது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல கூட்டங்கள் உடைவது இங்கேதான். கல்லூரி விடுதியில் எல்லோரிடமும் ஒரே அளவு பணம் இருந்தது, அதாவது ஒருவரிடமும் இல்லை. இன்று ஒருத்தியின் கணவர் மருத்துவமனை நடத்துவார், இன்னொருத்தி தையல் வேலை செய்து மகனைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பாள். வசதி உள்ளவள் நல்ல மனதோடு "பெரிய ரிசார்ட்டில் போடுவோம், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பாள். அந்தச் சொல்லே மற்றவளை வரவிடாமல் செய்துவிடும். உங்களில் யாருக்குக் கை இறுக்கமோ, அவர் தயங்காமல் கொடுக்கக்கூடிய தொகையை வைத்து முழுப் பயணத்தையும் அமையுங்கள். எல்லோரும் அதே தொகையை முன்கூட்டியே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அறை, வண்டி, சாப்பாடு, டீ, நுழைவுச் சீட்டு எல்லாம் அந்த ஒரே பையிலிருந்து போகட்டும். எங்களில் வங்கிக்காரிதான் பை வைத்திருப்பாள். ஒரு சின்ன நோட்டில் வறுத்த கடலை வாங்கிய இருபது ரூபாயைக்கூட எழுதுவாள். நான்கு நாளில் யாரும் யாருக்காகவும் தனியாகப் பணம் எடுக்காததால், யாருக்கும் கடன்பட்ட உணர்வு வந்ததில்லை.

வண்டிக்கு வருவோம். ஆறு பேருக்கு இரண்டு கார் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூட்டம் அங்கேயே இரண்டாகிவிடும். பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலர் ஒன்றை, மலை ஓட்டிப் பழகிய டிரைவரோடு, பொள்ளாச்சியிலோ கோவையிலோ பேசிக்கொள்ளுங்கள். கேரளத்துக்குள் போக வேண்டிய பெர்மிட், வரி எல்லாம் வாடகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். டிரைவருக்குத் தினப் பேட்டாவோடு நல்ல சாப்பாடும் கால் நீட்டிப் படுக்க ஓர் அறையும் ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. இரவு சரியாகத் தூங்காதவரை நம்பி நாற்பது வளைவுகளில் உட்கார முடியாது. இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே இறக்குகிறாரா, ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் செய்பவரை நம்பலாம். தலைசுற்றல், வாந்தி வரக்கூடியவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் ஆழியாறுக்கு அரைமணி முன்னதாகவே போட வேண்டும். வளைவு ஏறத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இருப்பதுபோல வால்பாறைக்கும் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கட்டணமில்லை. வண்டி எண்ணை முன்னதாகப் பதிந்துகொண்டால் போதும்.

கழிப்பறையைப் பற்றிப் பயணக் குறிப்பு எழுதுபவர்கள் சொல்வதே இல்லை. ஐம்பது வயதுப் பெண்கள் ஆறு பேருக்கு அது தெரியாமல் வண்டி ஏற முடியுமா? பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் வந்த எங்கள் தோழி ஒருத்தி இரண்டாம் நாள் நீர்க்கடுப்பில் துடித்தாள். ஆழியாறு அணைப் பகுதியில் வசதி உண்டு, அங்கே இறங்கிவிடுங்கள். அதன் பிறகு வால்பாறை நகரம் வரை டீக்கடைகளை நம்பித்தான் போக வேண்டும். மளுக்கப்பாறையை விட்டால் வாழச்சால் வரும் வரை முழுக் காடு. அங்கே வண்டியை விட்டு இறங்கவே கூடாது. ஆகவே மளுக்கப்பாறையில் டீ குடிக்கும் சாக்கில் எல்லோரும் போய்வந்துவிடுங்கள்.

இனிச் சாலை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். பாதித் தூரம்கூட வராமல் தென்னந்தோப்புகள் முடிந்து, ஆழியாறு நீர்த்தேக்கம் மலைக்கு அடியில் விரிந்து கிடக்கும். சோதனைச் சாவடியைக் கடந்ததும் ஏற்றம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வரிசையாக எண் எழுதிய பலகை இருக்கிறது. கல்லூரி நாளில் ஒவ்வொரு எண்ணையும் பஸ் முழுவதும் கத்தி எண்ணினோம். 2019-இலும் அதே மாதிரி எண்ணினோம், டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தபடியே ஓட்டினார். ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். இங்கே அவசியம் நில்லுங்கள். கீழே ஆழியாறு தண்ணீரும் பொள்ளாச்சிச் சமவெளியும் ஒரே பார்வையில் அடங்கும். நடக்க வேண்டியதில்லை, சாலை ஓரத்துச் சுவரே போதும். அதே சரிவில் வரையாடுகள் மேய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். தமிழகத்தின் மாநில விலங்கு அது. 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதும் 1,031 வரையாடுகள்தான் இருந்தன. இவ்வளவு சொற்பமான ஒரு விலங்கு நம் வண்டிக்குப் பத்தடி தூரத்தில் பாறையில் நின்று பார்க்கிறது. தயவுசெய்து பிஸ்கட்டை நீட்டாதீர்கள். சாலையோரத்துக்கு வந்து பழகிவிட்டால் வண்டியில் அடிபட்டுத்தான் சாகும்.

வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். தேயிலைக்கு நடுவே தப்பிப் பிழைத்த ஒரு துண்டு மழைக்காட்டில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல ஒரு குஞ்சம். சாலை அகலமானபோது மரக்கிளைகளின் தொடர்பு அறுந்து, குரங்குகள் தரையில் இறங்கிக் கடக்க வேண்டியதாயிற்று. அதனால் தீயணைப்புக்குப் பயன்படும் பழைய குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்ட ஒரு தாய் அந்தக் குழாயின் நடுவில் வந்து நின்றது. கீழே எங்கள் வண்டியை ஒருமுறை, போக வேண்டிய மரத்தை ஒருமுறை பார்த்தது. குட்டி தாயின் விலா மயிரை இரண்டு கையாலும் பிடித்திருந்தது. தாய் காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் குழாய் லேசாகத் தொய்ந்து மீண்டது. அது மறுகரை மரத்துக்குள் மறைந்து இலைகள் அசைவது நிற்கும் வரை வண்டிக்குள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருக்கவே முடியாத ஐந்து பேர் நாங்கள்.

வால்பாறையில் இரண்டு இரவு என்றேனே, அங்கே என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதிகம் எதுவும் வேண்டாம். நல்லமுடி பூஞ்சோலைக் காட்சி முனைக்கு ஒரு காலை, சோலையாறு அணைக்கு ஒரு மாலை. மற்ற நேரம் தங்குமிடத்துத் திண்ணை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 அடிதான் என்பதால் ஊட்டிபோல் எலும்பைத் துளைக்கும் குளிர் இல்லை. ஒரு ஸ்வெட்டர் போதும். மூட்டு வலிக்காரருக்கும் இது நல்லது.

சோலையாறு அணையில் எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உடுமலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தோழி அணைச் சுவரைப் பார்த்து, "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டாள். இந்த ஆறு இயல்பில் மேற்கே சாலக்குடிப் பக்கம் ஓட வேண்டியது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் அதன் ஒரு பங்கை மலையைக் குடைந்து பரம்பிக்குளத்துக்கு அனுப்பி, அங்கிருந்து கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அவர் விளக்கினார். திருமூர்த்தித் தண்ணீரில்தான் இவள் தோப்பு நிற்கிறது. முப்பது வருடமாகக் கால்வாயில் முறை வைத்துப் பாய்ச்சுபவள், அந்தத் தண்ணீர் புறப்படும் இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். நாங்களும் கும்பிட்டோம்.

தேயிலைத் தோட்டத்துக்குள் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். தங்கும் இடத்தில் சொன்னால் காலையில் எஸ்டேட் சாலையில் நடக்க ஏற்பாடு செய்வார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். எடைக்குக் கூலி வாங்குபவர்களுக்கு நாம் நிறுத்தி வைக்கும் ஐந்து நிமிடமும் இழப்புதான். டிசம்பரில் தேயிலை பூத்திருக்கும். செடியின் அடிப்பக்கம் குனிந்து பாருங்கள். வெள்ளை இதழ், நடுவில் நெருக்கமாக மஞ்சள் மகரந்தக் கேசரங்கள், பெரிய பூந்தோட்டத்தில் இருக்க வேண்டிய பூ. வெட்டாமல் விட்டால் தேயிலை முப்பது அடிக்கும் மேல் வளரும் மரம் என்பதையும் அங்கே நின்று நினைத்துப் பாருங்கள். எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் தாவரவியலை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு பூவைச் சுற்றிக் குனிந்து நின்று கேசரத்தை எண்ணினோம், அது எந்தத் தாவரக் குடும்பம் என்று சண்டை போட்டோம். பழைய பாடத்திட்டத்தின்படி 'டெர்ன்ஸ்ட்ரோமியேசி' என்று ஒருத்தி எழுத்துப் பிசகாமல் சொன்னபோது மற்றவர்கள் கை தட்டினோம். வீட்டில் அவளைச் சமையலுக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள்.

இருட்டிய பிறகு வெளியே நடக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனமே இல்லை. வால்பாறையில் யானையும் சிறுத்தையும் தேயிலைச் சரிவில் மனிதர்களோடு ஒரே வழியில் நடக்கின்றன. யானை அருகில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு ஊர்மக்களோடு சேர்ந்து பல இடங்களில் நிறுவியிருக்கிறது. கைப்பேசியிலிருந்தே அதை எரிய வைக்கிறார்கள். அந்த விளக்கு கண்ணில் பட்டால் திரும்பி உள்ளே போய்விடுங்கள். ஆறுகளும் அப்படித்தான். கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் ஆழமில்லை என்று ஏமாற்றும். காலை நனைப்பதோடு நிறுத்துங்கள்.

தங்குமிடம் தேர்ந்தெடுக்கும்போது உரிமையாளரின் குடும்பமும் அங்கேயே வாழும் வீடுகளைப் பாருங்கள். எங்கள் இரண்டாவது பயணத்தில் ஓரிடத்தில் இருட்டிய பின் போய்ச் சேர்ந்தோம். முன்பணம் கட்டிய அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, வேறொரு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பனியில், தெரியாத சாலையில், ஏழு பெண்கள். அன்றிலிருந்து மாலை நான்கு மணிக்குள் அறைக்குள் நுழைவது எங்கள் சட்டம்.

மூன்றாம் நாள் காட்டு வழி. வால்பாறையிலிருந்து அதிரப்பள்ளி ஏறக்குறைய 80 கிலோமீட்டர். முதலில் தேயிலை, மளுக்கப்பாறையில் மாநில எல்லை, பிறகு வாழச்சால் வரை அடர்ந்த காடு. சோதனைச் சாவடியில் வண்டி எண், ஆட்கள், நேரம் எல்லாம் குறித்துக்கொள்வார்கள், பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணுவார்கள். குறித்த நேரத்துக்குள் மறுமுனையில் வெளியேற வேண்டும். இரவில் பாதை அடைப்பு. ஆகவே காலைச் சாப்பாட்டை முடித்தவுடன் புறப்பட்டுவிடுங்கள். இந்தக் காட்டில் இருவாச்சிப் பறவை உண்டு. கேரளத்தில் உள்ள நான்கு வகை இருவாச்சிகளும் வாழச்சால் காடுகளில் இருக்கின்றன. பெரிய இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால் கண்ணுக்குப் படுமுன் சிறகோசை காதுக்கு வரும், பழைய ரயில் எஞ்சின் மூச்சு வாங்குவதுபோல. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். வாரக்கணக்கில் ஆண்தான் சின்னத் துவாரம் வழியாகப் பழம் ஊட்டும். இதை நான் வண்டியில் சொன்னபோது நடந்த விவாதம் வாழச்சால் வரை ஓயவில்லை.

அந்த வழியில் கைப்பேசி வேலை செய்யாது. கூட்டுக்குடும்பத்தின் மூத்த மருமகளான எங்கள் தோழி முதல் அரைமணி நேரம் கைப்பையிலிருந்து போனை எடுப்பதும் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தாள். பிறகு பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை யாருமே கூப்பிடாத மூன்று மணி நேரம் இதுதான் டீ" என்றாள். அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கியும் மேலே படிக்க அனுப்பாத கதையை முதல்முறையாக முழுதாகச் சொன்னாள். நாங்கள் அதுவரை அவளுக்கே விருப்பமில்லை என்று நினைத்திருந்தோம். வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: காட்டு வழி நாளில் மாலை வரை அழைப்பு வராது, மற்ற நாட்களில் இரவு ஏழு மணிக்கு ஓர் அழைப்பு. அதற்கு மேல் அவசரம் என்றால் டிரைவரின் எண்ணும் தங்குமிடத்தின் எண்ணும் அவர்களிடம் இருக்கட்டும்.

அதிரப்பள்ளி அருவி 80 அடி உயரம். மேல்தளத்தில் ஆறு அகலமாகப் பரந்து வந்து விழுவதைப் பார்க்கலாம். அடிவாரம்வரை போகும் பாதை செங்குத்து. முழங்கால் வலிக்காரர் மேலேயே இருக்கட்டும், அவரோடு ஒருவர் மாறி மாறி உட்காருங்கள். வால்பாறையிலிருந்து வரும்போது சாலையிலேயே ஒரு திருப்பத்தில் அருவி முழுதாகத் தெரியும் இடம் உண்டு. அங்கே வண்டியை நிறுத்தினாலே போதும். நான்காம் நாள் சாலக்குடி போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால் பிற்பகலுக்குள் கோவை. வழியில் பாலக்காட்டுக் கணவாயைக் கடக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் இருக்கும் பெரிய வாசல் அது. கோவைக்காரர்களுக்குக் காற்று வரும் வழியும் அதுதான்.

வண்டிப் பயணமே ஒத்துக்கொள்ளாதவர் உங்களில் இருந்தால் ரயில். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், 16 குகைப் பாதைகள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, தண்டவாளங்களுக்கு இடையில் பதித்த பற்சட்டத்தைப் பிடித்து ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. முன்பதிவு திறக்கும் அன்றே ஆறு டிக்கெட்டையும் எடுத்தால்தான் உண்டு. மழைதான் பிடிக்கும் என்றால் ஜூலையில் குற்றாலச் சாரலில் இரண்டு நாள் இருந்துவிட்டு, செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயில் ஏறுங்கள். 1904-இல் திறந்த பாதை, பிறகு அகலமாக்கி 2018-இல் மறுபடி ஓடுகிறது. பதிமூன்று கண் பாலம் அந்த வழியில்தான். மதுரையிலிருந்து குருவாயூர் போகும் எக்ஸ்பிரஸ் பகலிலேயே அந்த மலையைக் கடக்கிறது. குடகையும் வயநாட்டையும் முதல் பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன். வண்டியிலேயே ஒன்றரை நாள் போய்விடும். முதுமலை–பந்திப்பூர் வழியாகப் போனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் காலை ஆறு வரை சாலை அடைப்பு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து வையுங்கள், ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். வால்பாறை நகரத்தில் மருந்துக் கடைகள் இருந்தாலும் எல்லா மருந்தும் கிடைக்காது. மழை விட்ட உடனே போகிறவர்கள் அட்டைக்கு உப்போ மூக்குப்பொடியோ எடுத்துக்கொள்ளுங்கள். புல்லில் செருப்போடு நடக்க வேண்டாம், ஷூ போடுங்கள்.

மூணாறு உங்கள் பட்டியலில் இருப்பதால் ஒரு செய்தி. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுவதும் ஒன்றாகப் பூத்து, விதை விட்டு, ஒன்றாகவே மடியும். 2006, 2018, அடுத்தது 2030. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. ஆகவே மூணாறை அந்த ஆண்டுக்கு ஒதுக்கி வையுங்கள். நாங்கள் ஏழு பேரும் செப்டம்பர் மூன்றாம் வாரத்தைப் பேசி வைத்துவிட்டோம். வங்கிக்காரி அதற்கென்று தனி நோட்டு போட்டு, மாதம் ஐந்நூறு ரூபாய் வீதம் இப்போதே வசூலிக்கிறாள். அந்த வாரம் நீங்களும் அங்கே வந்தால், இரவிகுளத்தில் ஏழு பெண்கள் ஒரு செடியைச் சுற்றிக் குனிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். வந்து பேசுங்கள்.